ரொட்டிக்குள் ஒரு கொடுவா

கேள்வி: அவனில் சுட்ட மீனை வைத்து சாண்ட்விச் செய்தால் மீன் வறண்டுவிடுகிறது, பிரெட் நனைந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: மீனில் இருக்க வேண்டிய ஈரம் பிரெட்டுக்குக் குடிபோய்விட்டது. அதை வீட்டைவிட்டுக் கிளம்பாமல் பார்த்துக்கொண்டால் போதும்!

கடற்கரை ஊரில் இருக்கிறீர்கள். முள் நீக்கிய கொடுவாத் துண்டுகளாகக் கேட்டு வாங்குங்கள். கழுவியதும் துணியால் ஒற்றி எடுங்கள். மேலே தண்ணீர் நின்றால் மீன் சுடாது, அவியும். பூண்டு விழுது, மிளகாய்த்தூள், மஞ்சள், மிளகு, உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய் கலந்து தடவி 15 நிமிடம் வையுங்கள். எலுமிச்சையை இப்போதே பிழியாதீர்கள். புளிப்பில் அதிக நேரம் ஊறினால் சதை இறுகிவிடும்.

அவனை முதலில் 200 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குங்கள். விரல் கனத் துண்டுக்கு 10 முதல் 12 நிமிடம் போதும். முள்கரண்டியால் தொட்டதும் சதை வெள்ளை வெளேரென்று இதழ் இதழாகப் பிரிந்தால் உடனே வெளியே எடுங்கள். கூடுதலாக வைக்கும் ஒவ்வொரு நிமிடமும் மீனைக் கருவாட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகும்!

பிரெட்டை வாட்டி, உள்பக்கம் முழுக்க வெண்ணெய் பூசுங்கள். அதுதான் ஈரத்தைத் தடுக்கும் மதகு. துணியில் கட்டி வடித்த கெட்டித் தயிரில் புதினா, பச்சைமிளகாய் கலந்து தடவி, மீனை வைத்து, வெங்காயம் தூவி, கடைசியாக எலுமிச்சை பிழியுங்கள்.

சுடச்சுடச் சாப்பிடுங்கள். நல்ல மீனுக்கு நாம் செய்யும் மரியாதை அதுதான்.