ரத்தக்கறைக்கும் ஒரு சான்றிதழ்

கலிபோர்னியா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

கொலையோ தற்கொலையோ நடந்த வீட்டைக் கழுவ இங்கே பயிற்சி உண்டு, சான்றிதழ் உண்டு என்று எழுதினால், அந்தக் காகிதத்தைத் தொட்டாலே தலைமுழுக வேண்டும் என்று பதில் போட்டிருக்கிறீர்கள். முழுகுங்கள், பதுளையில் தண்ணீருக்கா பஞ்சம்! ஆனாலும் இந்த நாட்டிலிருந்து நம் தேயிலைத் தோட்டங்களுக்கு ஒன்றைக் கொண்டுவரலாமென்றால் நான் இந்தப் பயிற்சியைத்தான் கேட்பேன்.

இங்கே பொலிஸ் படம் பிடிக்கும், சடலம் போகும், ரத்தம் மட்டும் வீட்டுக்காரர் தலையில். அதைக் கழுவக் கம்பனிகள் இருக்கின்றன. அக்கம்பக்கம் அறியக்கூடாதென்று பல கம்பனிகள் வேனில் பெயர்கூட எழுதுவதில்லை. நம் லயத்தில் அந்த வேனுக்கு வேலையே இல்லை. பசறையிலிருந்து பொலிஸ் வருமுன் இருபது காம்பிராவும் பிளேன்டீ குடித்துத் தீர்ப்பே சொல்லியிருக்கும். கலிபோர்னியாவில் இத்தொழிலுக்குச் சுகாதாரத் திணைக்களத்தில் பதிய வேண்டும். பல மாநிலங்களில் அதுவும் இல்லை, சான்றிதழ் சுவரில் மாட்ட அழகு, அவ்வளவுதான். நிஜமாகப் பிடித்துக் கட்டுவது 1991இல் வந்த மத்திய அரசு விதி. ரத்தம் படக்கூடிய வேலை செய்பவருக்கு முதலாளி தன் செலவில், வேலை நேரத்தில், ஆரம்பத்திலும் பிறகு வருடாவருடமும் பயிற்சி தர வேண்டும். பத்து வேலை நாளுக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி தருவதாகச் சொல்ல வேண்டும். கறைபட்ட துணியை வீட்டுக்கு அனுப்பக்கூடாது. தொழிலாளிக்குப் புரியும் பாஷையில், அவர் படிப்புக்கேற்பச் சொல்லி, கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆளும் இருக்க வேண்டும். துரை கேள்விக்குப் பதில் சொல்லும் பிரட்டுக்களத்தைக் கற்பனை செய்து பாருங்கள்!

பாடம் என்னவோ எளிமைதான். ஹெபடைடிஸ் பி கிருமி காய்ந்த ரத்தத்திலும் ஏழு நாளாவது உயிரோடிருக்கும். ரத்தத்தின்மேல் மருந்தை ஊற்றினால் மருந்துதான் சாகும்; முதலில் துடைத்தெடுத்து, பிறகு மருந்திட்டுப் பொறுத்திருக்க வேண்டும். உடைந்த கண்ணாடியைக் கையால் பொறுக்கக்கூடாது. கையுறையை உட்புறம் வெளியே வரக் கழற்ற வேண்டும். நம் மாடசாமி கோயில் பூசாரி, ஆடு வெட்டிய அனுபவத்தில் துணிச்சலுக்கு முழுப் புள்ளி வாங்குவார், கையுறையில் கோட்டைவிடுவார்.

பதுளையில் வருடத்துக்கு எத்தனை கொலை, இதற்கொரு படிப்பா என்பீர்கள். 2014இல் மீரியபெத்தை மண்சரிவில் மண்ணுக்குள்ளிருந்து உடல்களை எடுத்தார்கள். 2021இல் பசறையில் பஸ் பள்ளத்தில் விழுந்தது. 2025 செப்டெம்பரில் எல்ல ஊருக்குப் பக்கத்தில் இன்னொன்று, 15 பேர் போனார்கள். பள்ளத்தில் முதலில் இறங்குவது ஊர்க்காரர்கள்தான், பெரும்பாலும் வெறுங்கையோடு. ரத்தத்துக்குக் கொலையென்றும் விபத்தென்றும் பேதமில்லை. இலங்கையில் 2003 முதல் குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி உண்டு என்பது சரி. ஆனால் கழுவக் கூப்பிடுவது அந்தக் குழந்தைகளின் அப்பன்மாரை.

சொந்தக்காரர் கையால் கழுவுவதுதான் பாசம் என்பது இன்னொரு வாதம். மகன் ரத்தத்தைத் தாய் தேய்த்துத்தான் பாசத்தைக் காட்ட வேண்டுமா? அவள் வெளியே உட்கார்ந்து அழட்டும். தோட்டத்துக்குக் கட்டுப்படியாகாது என்பதும் எடுபடாது. கையுறையும் பிளீச்சிங் பவுடரும், வாசல்கூட்டிக்குத் தைரியத்துக்கென்று வாங்கிக் கொடுக்கும் அரைப்போத்தல் சாராயத்தைவிட விலை கூடாது.

மிச்சம் உங்கள் தீட்டு. அதை முழு மூடத்தனமென்று நான் சொல்லமாட்டேன். தொடாதே, ஒதுங்கு, குளி, துணி மாற்று என்பதைத்தான் இங்கேயும் பணம் வாங்கிக்கொண்டு சொல்லித்தருகிறார்கள். ஆனால் தீட்டு, கழுவியவனை நம்மிடமிருந்து ஒதுக்குகிறது, அவன் பிள்ளைக்குப் பெண் தர யோசிக்கிறது. பயிற்சி, கழுவுகிறவனை ரத்தத்திடமிருந்து ஒதுக்குகிறது. வேலை முடிந்து அவன் வந்தால் வெள்ளைக்காரன் கைகொடுக்கிறான். நாம் இன்னும் தனிக் கோப்பையில் தேத்தண்ணி கொடுக்கிறோம்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் தலைவரிடம் தடுப்பூசியையும் கையுறையையும் கேட்டுப் பாருங்கள். சந்தாவுக்கு அதுவும் ஒரு வேலை.

சித்திக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் மகன்