வில்லங்கம் பார்த்தாச்சு, ஃபைபர் பார்த்தாச்சா?

கேள்வி: புறநகரில் வீடு வாங்கப் போகிறோம். பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் சரி. இன்டர்நெட் வருமா என்றும் முன்கூட்டியே விசாரிக்க வேண்டுமா?

பதில்: கட்டாயம்! போரில் தண்ணீர் வற்றினால் லாரியை வரவழைக்கலாம். தெருவில் ஃபைபர் இல்லையென்றால் எந்த லாரியும் வராது.

"எல்லா கம்பெனியும் வரும் சார்" என்பார் புரோக்கர். இணையதளத்தில் பின்கோடு போட்டால் அதுவும் "வரும்" என்றே சொல்லும். ஒரே பின்கோடுக்குள் பல ஊர்கள் அடங்கும் என்பதால் அதை மட்டும் நம்பக்கூடாது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவதே நல்லது. மோடத்தில் ‘லாஸ்’ விளக்கு சிவப்பாக மின்னினால் ஃபைபரில் ஒளி வரவில்லை என்று அர்த்தம். அது மாதத்தில் எத்தனை முறை மின்னுகிறது, கேபிள் அறுந்தால் ஆள் எப்போது வருகிறார் என்று கேட்டாலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

மீதிப் பாதி கம்பத்துப் பெட்டியில் இருக்கிறது. ஒரு ஃபைபரைப் பொதுவாக 32 அல்லது 64 இணைப்புகளாகப் பிரிக்கிறார்கள். கேபிள் வாசல்வரை வந்திருந்தாலும், பெட்டியில் போர்ட் காலி இல்லையென்றால் காத்திருக்க வேண்டியதுதான். லைன்மேனைக் கேட்டால் சொல்லிவிடுவார்.

‘பிராட்பேண்ட் வசதி உண்டு’ என்ற விளம்பரத்தில் மயங்க வேண்டாம். 2023 முதல் இந்தியாவில் அந்தப் பெயருக்குத் தேவையான குறைந்தபட்ச வேகம் 2 எம்பிபிஎஸ்தான்! கட்டடங்களின் டிஜிட்டல் இணைப்பு வசதிக்கு நட்சத்திர மதிப்பீடு தரும் விதிமுறையை 2024 அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிட்டது. அடுக்குமாடி என்றால் அந்த மதிப்பீடு உண்டா, ஒரே நிறுவனத்துக்கு மட்டும்தான் அனுமதியா என்று பில்டரிடம் கேளுங்கள்.

இத்தனையும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு!