எழும்பூரில் ஒற்றையாள் உலா: ஒரு முன்னாய்வு

விருத்தாசலம் சந்திப்பில் வைகையிலோ பல்லவனிலோ ஏறி, சென்னை எழும்பூரில் துணையின்றி இறங்குபவரை இக்கட்டுரை ‘ஒற்றையாள்’ எனக் கொள்கிறது. மச்சான் வீட்டுக்குப் போகிறவர், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், கோர்ட்டுக்கு அலைகிறவர் ஆகியோர் ஆய்வெல்லைக்கு வெளியே. காரியமே இல்லாமல் போகிறவர் மட்டும் உள்ளே. இப்படிச் சலித்ததில் மாதிரிக்கு ஆள் அகப்படவில்லை. கட்டுரையாளரே மாதிரியாகவும் பணியாற்ற நேர்ந்தது.

முன்னோர் நூல்களில் உலா இலக்கியம் இத்துறைக்கு நேர்மாறு. அங்கே தலைவன் வீதியில் வர, பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்தாரும் பார்த்து உருகுவர். எழும்பூரில் ஏழு பருவத்தாரும் செல்போனைப் பார்த்தனர். ஒற்றையாளின் இன்பத்துக்கு இதுவே மூலகாரணம் என்பது எம் துணிபு. விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டையிலிருந்து பாலக்கரைக்கு வருவதற்குள் “என்னா, எங்க கெளம்பிட்டீங்க?” என்று கேட்காத கடை கிடையாது. பதில் யாருக்கும் தேவையில்லை. ஆனால் சொல்லியாக வேண்டும். சென்னையில் அதைக் கேட்பவர் பஸ் கண்டக்டர் ஒருவர்தான். அவரும் சில்லறைக்காகவே கேட்கிறார்.

இன்பத்தை அளக்க ‘போலாமா’ என்ற அலகை முன்மொழிகிறோம். கூட வந்தவர் ஒரு ‘போலாமா’வுக்கும் அடுத்ததற்கும் நடுவே விடும் நேரம் அது. களஆய்வு, 1851இல் தொடங்கப்பட்டு இப்போது பாந்தியன் சாலையில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தின் செப்புத்திருமேனிக் கூடத்தில் நடந்தது. திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன் ஒற்றையாள் கால் வலிக்கும்வரை நின்றார், ‘போலாமா’ பதிவாகவில்லை. இந்தச் சௌகரியம் எதிரே நின்றவருக்கு இல்லை. பாதி நிற்க நினைத்தாலும் மறுபாதி கேட்டுவிடும்.

மதியம் மெஸ்ஸில் ஆறு பேர் குடும்பம் வாசலில் காத்துக் கிடக்க, “தனியாவா? உள்ள ஒரு எடம் இருக்கு, போங்க” என்றார் கல்லாக்காரர். இடம் சுவரைப் பார்த்தது. சுவரில் மீட்டர் பெட்டி. அதில் மூன்று வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டைகள். ஒன்றின் மூலை சில்லு பெயர்ந்து, மெருகு பிடிக்காத சொரசொர வயிறு தெரிந்தது. எங்கள் ஊர்க்காரர் எங்கே போனாலும் பீங்கானைக் கண்டால் சூளையைப் பற்றி யோசிப்பார். கூட ஆள் இருந்தால் மனை விலை பேசியிருக்க வேண்டும். சாம்பாரிலிருந்து மோர்வரை, இந்தக் கட்டை எந்தச் சூளையில் வெந்ததோ என்று தடையின்றி ஆராய முடிந்தது.

“தனியாவா போனீங்க? வீட்ல எதாச்சும் பிரச்சனையா?” என்பது ஊரில் எழும் மறுப்புரை. இதற்கு விடை காண இன்னொரு கட்டுரை வேண்டும்.

தீராத சிக்கல் பைதான். கழிப்பறைக்குப் போகையில் அதை யாரிடம் ஒப்படைப்பது? திருமுதுகுன்றம் என்ற பழம்பெயருடைய விருத்தாசலத்தில் பெற்ற பன்னீராயிரம் பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, கைவீசிப் போய்த் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது பெரியபுராணம். கிளோக் ரூம் வரலாற்றில் முதல் பதிவு எங்கள் ஊருடையது என இதனால் நிறுவுகிறோம். எடுத்த பொன்னில் மாற்று குறைந்திருந்ததாகவும், பதிகம் பாடியே சரிசெய்ய வேண்டியிருந்ததாகவும் அங்கேயே செய்தி உண்டு. ஒற்றையாள் பையை மடியிலேயே வைத்துக்கொள்கிறார்.