ஹெரால்டு வாங்குன தம்பிக்கு

இன்னா நைனா, ஹெரால்டு வாங்கிட்டியாமே! தெருவே பேசுது. ராயபுரம் பாலத்து மேல நீ ஸ்டீரிங்ல குந்திக்கினு, நாலு பேரு பின்னாடி தள்ளிக்கினு வந்தாங்கன்னு கேள்விப்பட்டேன். வண்டி ஷோக்காத்தான் கீது, அதுல குத்தம் சொல்ல மாட்டேன். கல்யாணத்துக்கு முந்தி வாங்குனியா, அப்பால வாங்குனியா? முந்தின்னா பரவால்ல, துட்டு மட்டும்தான் போவும்.

சாமான் கிடைக்கலன்னு பொலம்புறியாம். எப்படித் தேடுனேன்னும் சொன்னாங்க. புதுப்பேட்டைக்குப் போயி கடைகடையா செல்போன்ல வண்டி போட்டோவைக் காட்டி, "அண்ணே, ஹெரால்டு சாமான் கீதா"ன்னு கேட்டியாமே. கடைக்காரன் போட்டோவைப் பாத்தான், உன் ஷூவைப் பாத்தான், "கம்பெனியே போயிடுச்சே சார்"னு கைய விரிச்சான். புதுப்பேட்டையில வாசல்ல வண்டிய வுட்டுட்டு உள்ள போனா, திரும்பி வரும்போது உன் வண்டிச் சாமானையே உனக்கு விப்பாங்கன்னு ஊர்ல ஒரு ஜோக் கீது பாரு, அது உனக்குப் பொருந்தாது. ஹெரால்டை எவனும் தொட மாட்டான். உனக்கு அங்க ஆபத்து வேற. நீ கேக்கும்போது உன் கண்ணுல தெரியற ஆசை கீதே, அதுக்கே அவன் தனியா ஒரு விலை போட்டுடுவான்.

கம்பெனி போனது மெய்தான். பெருங்களத்தூர் வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் ஃபேக்டரி இருந்தது. 1961-ல ஹெரால்டு போட்டான், பத்து வருஷம் ஓட்டுனான். 1972-ல கேஸல்னு பேரை மாத்தி, பின் ஆக்ஸிலை மாத்தி இன்னொண்ணு. 1977-ல அதுவும் நின்னுச்சு. 1985-ல ஸ்டாண்டர்டு 2000-னு ஒரு பெரிய வண்டி வுட்டான். மேல ரோவர் பாடி, உள்ள பழைய வான்கார்டு பரம்பரை எஞ்சின். கோட்டு புதுசு, உள்ள பனியன் தாத்தாவோடது. 1988-ல அதோட கதை முடிஞ்சுது.

எங்க பக்கத்துல லாரிதான் செஞ்சாங்க, இவனுங்களுக்குக் காரைப் பத்தி இன்னா தெரியும்னு நெனைக்காதே. எண்ணூர்ல கார் வந்தது உன் ஹெரால்டுக்கும் முந்தி. ரகுநந்தன் சரண்னு ஒரு மனுஷன் 1948-ல அசோக் மோட்டார்ஸ் ஆரம்பிச்சாரு. அசோக்குன்றது அவரு பையன் பேரு. இங்கிலாந்துலேர்ந்து பெட்டி பெட்டியா சாமான் வரும், எண்ணூர்ல பூட்டி 1949-ல ஆஸ்டின் ஏ40 வெளிய வுட்டாங்க. அப்பால லேலண்டுகாரன் கூட சேர்ந்து 1955-ல அசோக் லேலண்டு ஆச்சு. கார் போச்சு, லாரியும் பஸ்ஸும் நெலைச்சுது. அன்னிக்கு ஆஸ்டின் வாங்குனவங்க சாமான் தேட ஆரம்பிச்சாங்க, இன்னும் தேடிக்கினு கீறாங்க. நீ நேத்து வந்த ஜூனியர். லைன்ல பின்னாடி நில்லு.

சரி, மேட்டருக்கு வர்றேன். "ஹெரால்டு சாமான்"னு கேட்டா கிடைக்காது. உன் வண்டியில முக்காவாசி சாமானுக்கு அது ஹெரால்டுல குந்தினு கீதுன்னே தெரியாது, நைனா. டிஸ்ட்ரிபியூட்டரு, ஸ்டார்ட்டரு எல்லாம் லூகாஸ். பிரேக்கு கெர்லிங். நம்ம பாடி ஊர்ல 1961-ல லூகாஸ் டிவிஎஸ் வந்தது, அடுத்த வருஷம் பிரேக்ஸ் இந்தியா வந்தது. அவங்க ஒரு வண்டிக்கா செஞ்சாங்க? அம்பாசடருக்கும் பியட்டுக்கும் லாரிக்கும் சேர்த்துதான் செஞ்சாங்க. சாமான் மேல அழுக்கைத் தொடை, நம்பரு வெட்டியிருக்கும். அந்த நம்பரைக் கேளு. ஹெட்லைட்டு ஏழு இஞ்சு வட்டம். அம்பாசடரு, புல்லட்டு எல்லாத்துக்கும் அதே அளவுதான். அதைப் போயி "ஹெரால்டு ஹெட்லைட்டு, ஒரிஜினல்"னு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல கேட்டு, அவன் பரண் மேல தேடுற மாதிரி ஆக்ட் குடுத்து, கடைசியில உன் தலையில கட்டுனானே! அந்தக் காசுல நான் வூட்டுக்கு வெள்ளை அடிச்சிருப்பேன்.

பேரிங் வேணுமா? பேரிங்குக்கு ஜாதி மதம் வண்டி எதுவும் கிடையாது, நம்பர்தான். 6203-ன்னு இருந்தா உள்ளளவு 17 மில்லி, வெளியளவு 40, அகலம் 12. உலகத்துல எந்தக் கடையில வாங்குனாலும் அதே. கடைசி ரெண்டு நம்பரு 04-லேர்ந்து மேல போனா அஞ்சால பெருக்கு, உள்ளளவு வந்துடும். ஆயில் சீலுக்கு உள்ளே, வெளியே, தடிமன், மூணு அளவு போதும். பழைய இங்கிலீஷ் வண்டியில இஞ்சு பேரிங் வரும், அதுக்கும் நம்பரு கீது, பாரிமுனைப் பக்கம் பேரிங் கடையில புஸ்தகம் வச்சிருக்கற பெரியவரா பாத்துக் கேளு. கம்ப்யூட்டர் வச்சிருக்கற பையன் கிட்ட போனா, "மாடல் லிஸ்ட்ல இல்ல சார்"ம்பான். பிஸ்டன் கேக்கும்போதும் வண்டி பேரு சொல்லாதே. 948 சிசி எஞ்சினுக்கு போர் 63 மில்லி, அதைச் சொல்லு. ஓவர்சைஸ் கிடைக்கலன்னா பிளாக்கை போர் பண்ணி ஸ்லீவ் போட்டு, பழைய சைஸுக்கே கொண்டாந்துடலாம். செம்பியத்துல 1949-லேர்ந்து பிஸ்டன் செய்யற ஊரு இது. இங்க பொறந்துட்டு பிஸ்டனுக்கு அழுவறது வெக்கம்.

ஸ்பேனரைப் பத்தி ஒண்ணு. உன் டூல் பாக்ஸைப் பாத்தேன்னு மெக்கானிக் சொன்னான். பளபளன்னு கீதாம், எல்லாம் மில்லிமீட்டராம். உன் வண்டி போல்ட்டு இஞ்சு மரை, கண்ணு. அரை இஞ்சுன்னா 12.7 மில்லி. அதுல 13 நம்பர் ஸ்பேனர் போட்டா உக்காருற மாதிரிதான் உக்காரும், அழுத்தும்போது வழுக்கி மூலையை மழிச்சுடும். அப்பால உளி வச்சு வெட்டணும். ஏற்கெனவே பாதி போல்ட்டு உருண்டையா கீதுன்னான். உனக்கு முந்தி வச்சிருந்தவனும் உன்ன மாதிரி படிச்சவன் போல.

அடுத்தது லேத்து பட்டறை. இங்க காசிமேட்டுலேர்ந்து எண்ணூர் வரைக்கும் கடைசலுக்குப் பஞ்சமே இல்ல. விசைப்படகுக்கு ஷாஃப்டும் கன்மெட்டல் புஷ்ஷும் கடையறவன், லாரி கிங்பின் கடையறவன், ஃபேக்டரியில ரிட்டையர் ஆகி வூட்டு வாசல்ல ஒரு சின்ன லேத்து போட்டு குந்தினு கீறவன், எல்லா தினுசும் உண்டு. அவங்க கையில உன் வண்டி புஷ்ஷெல்லாம் வெளையாட்டு. ஆனா நீ போனது எப்படி? தேஞ்சுபோன புஷ்ஷை எடுத்துக்கினு போயி, "அண்ணே, அப்படியே இதே மாதிரி"ன்னு சொன்ன. அவரும் அப்படியே இதே மாதிரி செஞ்சு குடுத்துட்டாரு. தேய்மானத்தோட! புத்தம்புது பழைய புஷ்ஷு. வண்டியில போட்டா அதே கடகடா சத்தம், அதே ஆட்டம். இப்ப அவரைத் திட்டிக்கினு திரியற. அவரு இன்னா ஜோசியக்காரரா, அந்தப் புஷ்ஷு சின்ன வயசுல எப்படி இருந்ததுன்னு கண்டுபுடிக்க?

புஷ்ஷு எதுக்குள்ள உக்காருதோ அதையும், எது புஷ்ஷுக்குள்ள சுத்துதோ அதையும் சேர்த்து எடுத்துக்கினு போ. ஷாஃப்டுல தேயாத எடம் ஒண்ணு இருக்கும், ஓரத்துல, சீலுக்கு அந்தப்பக்கம். அங்க மைக்ரோமீட்டர் வச்சு அளந்தா பொறந்த அளவு தெரியும். எந்த மெட்டீரியல்னு கேளு. பட்டறையில மூலையில கிடக்குற ராடை எடுத்து மாட்டுனா, "தலைவா, இது ஈஎன் 8-ஆ, வெறும் மைல்டு ஸ்டீலா"ன்னு கேளு. கேட்டா உன்ன மதிப்பாரு. டீ கூட சொல்லுவாரு. கடைசல் முடிஞ்சதும் அளவை ஒரு நோட்டுல எழுதிக்க. உனக்கு அப்பால இந்த வண்டிய வாங்கப்போற ஏமாளிக்கு உதவும்.

பழைய ஸ்டாக்குன்னு ஒரு போதை கீது. தூசி படிஞ்ச அட்டைப்பெட்டி, மேல மங்கிப்போன லேபிளு, உள்ள ஆயில் பேப்பர் சுத்துன சாமான். பெட்டியைத் திறந்ததும் உனக்குக் கண்ணு கலங்கிடுது. கியரு, ஷாஃப்டு, வால்வுன்னா வாங்கு, இரும்புக்கு வயசில்ல, துரு ஏறலன்னா போதும். ரப்பரா இருந்தா கும்புடு போட்டு வந்துடு. மாஸ்டர் சிலிண்டர் கிட்டு, பெட்ரோல் பம்பு டயஃப்ரம், ஹோஸு இதெல்லாம் பெட்டிக்குள்ளயே கெழமாயிடும். அதுலயும் இப்ப பங்க்ல ஊத்துற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனாலு. அந்தக் காலத்து ரப்பரு அதைக் கண்டா ஊறி, உப்பி, கரைஞ்சுடும். எத்தனால் தாங்குற புது ஹோஸை அளவு பாத்து வாங்கி மாட்டு. "ஒரிஜினல் போயிடுமே"ன்னு மொறைக்காதே. வண்டி நடுரோட்டுல எரிஞ்சா அதுவும் ஒரிஜினலாத்தான் எரியும்.

பிரேக்கு, ஸ்டீரிங், முன்சக்கரம் தாங்குற சாமான் மூணுலயும் வெல்டிங் வைக்கிறவனை வூட்டுக்குள்ள சேர்க்காதே. எவ்ளோ நல்ல கைக்காரனா இருந்தாலும் சரி.

இங்கதான் உன் ஹெரால்டோட உயிர்நிலை கீது. முன்சக்கரத்தைத் தாங்கி ஒரு இரும்புத் தண்டு நிக்குது, அதோட கீழ்முனையில மரை போட்டு ஒரு பித்தளைச் சாமானுக்குள்ள சுத்துது. ட்ரன்னியன்னு பேரு. எல்லா வண்டிக்கும் கிரீஸ் கன்னை வச்சு அடிக்கிறவன் இதுக்கும் அடிப்பான். கிரீஸு அந்த மரைக்குள்ள சரியா போய்ச் சேராது, வெளிய அடைச்சுக்கினு நிக்கும். உள்ள தண்ணி எறங்கும், துரு புடிக்கும். நம்ம ஊரு உப்புக்காத்துக்குச் சொல்லவா வேணும்? ஒருநாள் நீ மெதுவா ஸ்டீரிங்கை முழுசா ஒடிச்சு வண்டிய நிறுத்துவ, தண்டு மளார்னு உடைஞ்சு சக்கரம் காலை மடக்கிக்கினு படுத்துடும். மெதுவா போவும்போது ஆச்சுன்னா உன் நல்ல நேரம். இதுக்கு ஊத்த வேண்டியது கிரீஸு இல்ல, 90 நம்பரு கியர் ஆயில்.

உடைஞ்சா? அதுக்குத்தான் இங்கிலாந்து கீது. ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்னு ஒரு ரெண்டு சீட்டு வண்டி, ஹெரால்டோட முன்பக்க சஸ்பென்ஷன் குடும்பம்தான். 1962-லேர்ந்து 1980 வரைக்கும் மூணு லட்சத்துக்கு மேல செஞ்சான். அத்தனை வெள்ளைக்காரன் உன்ன மாதிரியே கிறுக்கு புடிச்சுக் கீறதால, ட்ரன்னியனை அங்க இன்னிக்கும் புதுசா செஞ்சு விக்கிறான். ஹார்பரைக் கூப்புடு தூரத்துல வச்சுக்கினு, பித்தளைத் துண்டுக்குக் கூரியர்காரனை எதிர்பார்த்து வாசல்ல நிப்ப. தலையெழுத்து. அவங்களும் நம்ம கிட்ட வந்து நின்னவங்கதான், அந்த வரைக்கும் சந்தோஷப்படு. திருவொத்தியூர்ல 1955-ல என்ஃபீல்டு வந்தது. இங்கிலாந்துல ரெட்டிச் ஃபேக்டரியை 1967-ல மூடுனாங்க, 1970-ல அங்க மொத்தமும் முடிஞ்சுது. நம்மாளுங்க நிறுத்தல. 1977-லேர்ந்து புல்லட்டை அவன் ஊருக்கே ஏத்தி அனுப்புனாங்க. அவன் போட்ட வண்டிக்கு அவனே நம்மகிட்ட சாமான் வாங்குனான்.

ஆனா உனக்கு ஒரு வம்பு கீது. நீ வாங்குனது நாலு கதவு ஹெரால்டு. அது நம்ம ஊருக்குன்னே செஞ்ச சரக்கு, இங்கிலாந்துல ரெண்டு கதவுதான். பின் கதவுக்கு இங்கிலாந்துக்காரனைக் கேட்டா முழிப்பான். பின் கதவு, கதவுக் கண்ணாடி, குரோம் பட்டை, இதெல்லாம் எந்த லேத்துலயும் கடைய முடியாது. ஓடாத ஹெரால்டு ஒண்ணு எங்கயாவது வேப்பமரத்தடியில கோழி அடைக்க நிக்கும், முழுசா வாங்கிப் போட்டுடு. வூட்டுல கேட்டா சாமான்னு சொல்லு, வண்டின்னு சொல்லாதே. இதுக்குப் பதிலா அம்பாசடர் வாங்கலாம்ற ஆசையும் வேணாம், அந்தப் பேரை மட்டும் 2017-ல பேஜோகாரன் 80 கோடிக்கு வாங்கிட்டான். உன்ன விட ஷோக்குப் பேர்வழி, வண்டி கூட வரல.

கவர்மெண்டும் உன் ஆசைக்கு ஒரு ரேட்டு வச்சிருக்கு. 2021-ல வந்த ரூலு: அம்பது வருஷம் தாண்டுன வண்டிக்கு 'விஏ'ன்னு போட்ட விண்டேஜ் நம்பர், பதிய 20,000 ரூபா. வண்டி பழைய உருவத்துலயே இருக்கணும், ரொம்ப மாத்தியிருக்கக் கூடாது. அந்த நம்பரை வாங்குனா தினப்படி ரோட்டுல ஓட்டக் கூடாது, கண்காட்சி, ஊர்வலம்னா எடுக்கலாம். அம்பது வருஷம் ஓடுனதுக்குப் பரிசு, இனிமே ஓடாதேன்னு. எடுக்கறதா, வேணாமான்னு நீயே முடிவு பண்ணு, நான் சொல்லி அப்பால என்னத் திட்டாதே.

இப்ப போயி அந்த கிரீஸ் கன்னை யாருக்காவது தானம் பண்ணிட்டு, 90 நம்பரு ஆயில் ஒரு டப்பா வாங்கிக்க. ரெண்டு ட்ரன்னியன்லயும் ஊத்தி முடிக்கற வரைக்கும் வண்டிய வெளிய எடுக்காதே.