கைக்கு என்ன விலை? விபத்துக்கு முன் ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
ஒரு தையற்காரர், வயது 50 (பத்து மாதம் ஓடிவிட்டது).

பெறுநர்:
மேலாளர், விபத்துக் கிளைம் பிரிவு, ஏதாவது ஒரு காப்பீட்டு நிறுவனம்.

பொருள்: எதிர்கால வருமான இழப்பு – அடிபடும் முன்பே விலை தெரிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை:
1. சர்லா வர்மா வழக்கு, உச்ச நீதிமன்றம், 2009.
2. பிரணய் சேத்தி வழக்கு, உச்ச நீதிமன்றம், 2017.
3. எங்கள் தெருமுனைப் பள்ளம், நாளது தேதி வரை மூடப்படவில்லை.

ஐயா,

என் கைகால்கள் இன்றைய தேதிக்கு நன்றாகவே இருக்கின்றன. ஆனால் தினமும் மொபெட்டில் பைபாஸைக் கடந்துதான் கடைக்குப் போகிறேன். உங்களிடம் பாலிசி எடுத்த ஏதாவது ஒரு லாரி என்றைக்காவது என்னைச் சந்திக்கக்கூடும். அப்போது ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு கணக்குப் போட முடியாது என்பதால் இப்போதே கேட்டு வைக்கிறேன்.

கணக்கு முறையை விசாரித்துவிட்டேன். மாத வருமானத்தை எடுக்க வேண்டும். உழைத்துக்கொண்டே இருந்திருந்தால் அது ஏறியிருக்கும் அல்லவா, அதற்கு ஒரு சதவீதம் கூட்ட வேண்டும். பன்னிரண்டால் பெருக்கி, வயதுக்குரிய மல்டிபிளையரால் மறுபடியும் பெருக்க வேண்டும். உழைக்கும் திறனில் எவ்வளவு போனதோ அந்தப் பங்கு எனக்கு. இருபது வயதுக்காரருக்கும் மல்டிபிளையர் 18தான். மொத்தமாகக் கைக்கு வரும் பணம் வட்டி ஈட்டும் என்பதால் ஆண்டுகளைக் குறைக்கிறார்கள். நியாயம்தான், குறை சொல்லவில்லை.

அவசரம் எனக்கு வேறொரு இடத்தில். 46 முதல் 50 வயது வரை மல்டிபிளையர் 13. 51 பிறந்தால் 11. சொந்தத் தொழில் செய்பவருக்கு 40 முதல் 50 வரை கூட்ட வேண்டியது 25 சதவீதம். அதைத் தாண்டினால் 10. மாதம் 20,000 ரூபாய் சம்பாதிக்கும் என் இரண்டு கையும் இந்த மாதம் போனால் 39,00,000 ரூபாய். இன்னும் இரண்டு மாதம் கழித்துப் போனால் 29,04,000. ஒரு பிறந்தநாளில் எனக்கு 9,96,000 ரூபாய் நட்டம். ஆகவே சந்திப்பை இந்த மாதத்துக்குள் வைத்துக்கொள்ளத் தங்கள் லாரிக்காரருக்குத் தெரிவிக்க முடியுமா?

இதுவரை சொன்னது சட்டத்தின் கணக்கு. இனி உங்கள் வக்கீலின் கணக்கு.

"சம்பளச் சீட்டு உண்டா?" என்று முதலில் கேட்பார். கிடையாது. வருமான வரிக் கணக்கும் கிடையாது. என்னிடம் உள்ள ஒரே ஆவணம் அளவு நோட்டு. மார்பு 38, இடுப்பு 34, கை 23 என்று முப்பது வருடமாக ஊரையே எழுதி வைத்திருக்கிறேன். ரூபாய் மட்டும் அதில் இல்லை. உடனே "மாதம் 8,000க்கு மேல் இருக்க வாய்ப்பில்லை" என்பார். 39 லட்சம் 15,60,000 ஆகிவிடும்.

அடுத்து மருத்துவக் குழுவின் சான்றிதழ். போனது இடது கை மட்டும் என்று வையுங்கள், ஊனம் 60 சதவீதம் என்று எழுதுவார்கள். "கத்தரி பிடிப்பது வலது கைதானே, மிச்சம் 40 சதவீதம் தைக்கலாமே" என்பார் உங்கள் வக்கீல். 15,60,000 இப்போது 9,36,000. ஐயா, ஒருநாள் கடைக்கு வந்து பாருங்கள். மெஷினில் ஊசிக்கு அடியில் துணியை இழுத்துப் பிடித்துத் திருப்புவது இடது கை. அது இல்லாமல் காலர் திரும்பாது, கை ஏறாது. 40 சதவீதம் தைத்த சட்டையை எந்த வாடிக்கையாளர் போட்டுக்கொள்வார்?

இதோடு முடியவில்லை. ஊனத்தில் ஒரு சதவீதத்துக்கு இத்தனை ஆயிரம் என்று மொத்தமாகப் போடும் பழக்கமும் நம் ஊரில் உண்டு. அதைக் கேட்டு வாதாடுவார். சதவீதத்துக்கு 5,000 என்றால் 60க்கு 3,00,000. ஒரே தையற்காரர், ஒரே வயது, ஒரே பிழைப்பு. 39 லட்சம் மூன்று லட்சமாகிவிட்டது. நாங்கள் அளந்துவிட்டு வெட்டுகிறோம். நீங்கள் வெட்டிவிட்டு அளக்கிறீர்கள்.

என் வீட்டுக்காரம்மா கணக்கையும் கேட்டுவிடுகிறேன். சமையல், துணி, பிள்ளைகள், மாமியார் எல்லாம் போக, இரவில் என் கடை பிளவுஸ்களுக்குக் கொக்கி வைப்பதும் அவர்தான். சம்பாதிக்காதவருக்கு ஆண்டு வருமானம் 15,000 என்று 1994இல் சட்டத்தின் அட்டவணையில் எழுதினார்கள். அதாவது மாதம் 1,250. இருபது வருடத்துக்கு மேல் அந்த எண் ஒரு பைசா அசையவில்லை. இல்லத்தரசியின் உழைப்புக்கு விலை உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் 2009இல் விரிவாகவே எழுதினார். வீட்டு வேலையில் பெண்கள் நாளுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகச் சொல்லும் அரசுக் கணக்கெடுப்பை 2021இல் உச்ச நீதிமன்றமே எடுத்துக் காட்டியது. அந்த 97 நிமிடத்தை நான் எங்கே செலவழித்தேன் என்று எங்கள் வீட்டிலும் கேள்வி வந்தது. அது தங்கள் இலாகா அல்ல.

தாங்கள் தயவுசெய்து தெரிவிக்க வேண்டியவை:

1. எந்த விரலில் இருந்து தங்களுக்கு இழப்பு தொடங்குகிறது?

2. அளவு நோட்டில் இனிமேல் இடுப்பளவுக்குப் பக்கத்தில் கூலியையும் எழுதி, வாடிக்கையாளரிடம் கையெழுத்தும் வாங்கினால் ஒத்துக்கொள்வீர்களா? நோட்டரி வேண்டுமா?

3. இழப்பீடு கட்டாத அரசு பஸ்ஸை அமீனா வந்து நடு ஸ்டாண்டில் ஜப்தி செய்கிறார். தாங்கள் கட்டாவிட்டால் ஜப்திக்கு எதை எடுப்பது? நாற்காலி, கம்ப்யூட்டர் போக வேறு ஏதாவது உண்டா?

நான்காவதை விளையாட்டாகக் கேட்கவில்லை. ஊன சதவீதம் வேறு, உழைக்கும் திறனில் போனது வேறு என்று 2010இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கை போன குமாஸ்தா வேலையில் நீடிக்கலாம், டிரைவருக்கும் தச்சருக்கும் பிழைப்பே போகும் என்று உதாரணமும் கொடுத்தது. கால் இழந்த காய்கறி வியாபாரி ஒருவரின் வழக்கு 2014இல் அங்கே வந்தது. அப்படிப்பட்டவரிடம் வருமான ஆவணம் எதிர்பார்க்க முடியாது என்றது நீதிமன்றம். காய் விற்க நடமாட வேண்டியதில்லை என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. இவையெல்லாம் உங்கள் சட்டப் பிரிவு அலமாரியில் இருக்கும் தீர்ப்புகள். இருந்தும் ஒவ்வொரு கூலிக்காரர் வழக்கிலும் எதிர்வாதத்தில் அதே இரண்டு வரி: "வருமானத்துக்கு ஆதாரம் இல்லை, ஊனம் மிகைப்படுத்தப்பட்டது." அந்த இரண்டு வரியை அச்சடிப்பதை நிறுத்துங்கள். நீதிமன்றம் சொன்ன தொகையை, அடிபட்டவர் உயிரோடு இருக்கும்போதே கட்டுங்கள்.

இப்படிக்கு,
இரண்டு கையும் உள்ள
தையற்காரர்.