அப்பாவும் 500 யூனிட்டும்

பருவநிலை மாற்றம் பற்றி என் அப்பாவிடம் யாராவது பேசினால், "அதுக்கு எவ்வளவு ஆகும்?" என்றுதான் முதலில் கேட்பார். கூட்டுறவுப் பண்டகசாலையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். கார்பன் என்றால் அவருக்கு இன்றைக்கும் ரசீதுக்கு அடியில் வைக்கிற நீலத்தாள்தான். ஆனாலும் தாம்பரம் பக்கம் நாங்கள் இருக்கும் அடுக்ககத்தில், இயற்கைக்கு மிகக் குறைந்த தொந்தரவு கொடுக்கும் மனிதர் யார் என்று தேர்தல் வைத்தால் அவர் போட்டியின்றி ஜெயிப்பார். தேர்தலில் நிற்க டெபாசிட் கட்ட வேண்டுமென்றால் அவரும் நிற்க மாட்டார், அது வேறு விஷயம்.

எங்கள் வீட்டின் சூழலியல் கொள்கை மின்வாரியத்தின் கட்டண அட்டவணையிலிருந்து பிறந்தது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். 500 வரை ஓர் அட்டவணை. 501 ஆகிவிட்டால் வேறு அட்டவணை. அந்த ஒரு யூனிட் விழுந்ததும், எப்போதோ செலவழித்து மறந்துபோன 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளின் விலைகூட ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். 2015இல் பாரிஸில் உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதியவர்கள் இந்த அட்டவணையை ஒருமுறை புரட்டிப் பார்த்திருக்கலாம்.

கணக்கெடுக்க ஆள் வரும் நாள் நெருங்கினால் அப்பா மீட்டர் பெட்டிக்குக் கீழே நாற்காலி போட்டுவிடுவார். "நானூத்தி எழுபது!" என்று கீழிருந்து குரல் வரும். அன்று முதல் வீட்டில் ஊரடங்கு. இஸ்திரிப் பெட்டி அலமாரிக்குள் போகும். நான் கசங்கிய சட்டையோடு அலுவலகம் போவேன். மாவு அரைப்பது நின்று ரவை உப்புமா ஆட்சிக்கு வரும். என் மகள் போன் சார்ஜரைப் பள்ளிக்கூடப் பையில் வைத்து டியூஷனுக்கு எடுத்துப் போவாள். "நானூத்தித் தொண்ணூத்தி எட்டு!" என்று கேட்கிற இரவில் ஃபிரிட்ஜைத் திறப்பதற்குக்கூட நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

ஏசி ரிமோட் நிரந்தரமாக அவருடைய சட்டைப் பையில். 2020 ஜனவரி முதல், விற்பனைக்கு வரும் ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று ஒன்றிய அரசு விதி கொண்டுவந்தது. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்றும் சொன்னார்கள். அப்பா காகிதம் எடுத்துப் பெருக்கிப் பார்த்தார். ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் மின்வாரியம் நமக்குப் பணம் தர வேண்டிவரும் என்று கண்டுபிடித்தார். அதிலிருந்து எங்கள் ஏசி 29இல் ஓடுகிறது. அதைவிட மொட்டை மாடி குளுகுளு என்று இருப்பதால், சித்திரை வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு குடும்பமே மேலே போய்விடுகிறோம். நட்சத்திரம் தெரியும், கொசுவும் தெரியும். என் மகள் அங்கேதான் முதன்முதலாகக் கூகையைப் பார்த்தாள்.

மாடித் தரையில் தண்ணீர் தெளித்துப் படுக்க அனுமதி உண்டு, ஆர்ஓ கழிக்கிற தண்ணீராக இருந்தால். ஒரு லிட்டர் குடிநீர் கொடுக்க இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிற அந்த இயந்திரத்தை அப்பா ஓர் ஊதாரி மாப்பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். குழாயடியில் வாளி வைத்துப் பிடித்து, வீடு துடைக்கவும் கழிவறைக்கும் பங்கு போடுவது அவர் வேலை. 2019இல் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, வேகனுக்கு 50,000 லிட்டர், 50 வேகன். அதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, "டிக்கெட் எடுத்துத் தண்ணி வருது பாரு" என்றவர், அன்று இரவே வாளிகளுக்கு எண் போட்டார்.

மட்கும் குப்பைத் தொட்டி பற்றி எழுத வேண்டாம் என்று மனைவி கேட்டுக்கொண்டிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். புழு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். காய்ந்த சருகை அள்ளிப் போட்டதும் நாற்றமும் புழுவும் போய்விட்டன. பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் பேசவில்லை.

மஞ்சப்பை கதை பெரியது. பழைய சினிமாக்களில் பட்டணத்துக்கு வந்து எல்ஐசி கட்டடத்தை அண்ணாந்து பார்க்கிற ஆளின் கக்கத்தில் இருக்குமே, அந்தப் பை. 2021 டிசம்பரில் தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியபோது, "நான் எப்பய்யா விட்டேன்?" என்றார் அப்பா. கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் பை தருகிற இயந்திரம் வைத்ததைக் கேள்விப்பட்டு மனம் நொந்துபோனார். தாம்பூலத்தோடு சும்மா வருவதற்குக் காசா?

அவரிடம் இருப்பவை எல்லாம் கல்யாணப் பைகள். அவற்றில் மிக உறுதியான பையில் அச்சாகியிருக்கும் தம்பதி சில வருடங்களுக்கு முன் விவாகரத்து வாங்கிவிட்டார்கள். ஒருநாள் அதில் முருங்கைக்காயோடு வந்தபோது எதிரே அந்த மணப்பெண்ணின் தகப்பனார். அப்பா சட்டென்று பையைத் திருப்பிப் பிடித்தார். மறுபக்கத்தில் 'தங்கள் வருகைக்கு நன்றி', அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் அந்தத் தகப்பனாரின் பெயர்.

"அந்தப் பையைத் தூக்கிப் போடுங்க மாமா" என்றாள் மனைவி.

"கல்யாணம் பிரிஞ்சுது, சரிம்மா. தையல் பிரியலையே" என்றார்.

இதெல்லாம் எப்படியோ குடியிருப்போர் சங்கத்தின் காதுக்கு எட்டி, ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று அப்பாவுக்குப் பாராட்டு விழா வைத்துவிட்டார்கள். வாசலில் பத்தடி ஃபிளெக்ஸ் பேனர். 'பிளாஸ்டிக்கை ஒழிப்போம்' என்று பச்சை எழுத்து. ஃபிளெக்ஸும் பிளாஸ்டிக்தான் என்று செயலாளருக்கு யாரும் சொல்லவில்லை. பேனரின் நடுவில் கும்பிட்ட கையோடு அப்பா, பக்கத்தில் அவரைவிட ஒரு சுற்றுப் பெரியதாகச் செயலாளர்.

பொன்னாடை போர்த்தினார்கள். ஏற்புரையில் பூமித்தாய் பற்றி இரண்டு வார்த்தை வரும் என்று கூட்டம் காத்திருந்தது. அப்பா 501ஆவது யூனிட் பற்றி இருபது நிமிடம் பேசினார். முதல் ஐந்து நிமிடத்தில் சிலர் எழுந்து போனார்கள். வீட்டு விளக்கை அணைத்துவிட்டு வரப் போனவர்கள் என்று பிறகு தெரிந்தது.

விழா முடிந்ததும் அப்பா செயலாளரைத் தனியாக அழைத்து, "அந்த பேனரை அவுத்த பிறகு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். பதில் வருவதற்குள் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

மழைக்கு நனையாமல் என் ஸ்கூட்டருக்கு இப்போது அதுதான் உறை. கத்தரிக்கோலோடு அரைநாள் உட்கார்ந்து அளவெடுத்து வெட்டினார். கும்பிட்ட கையோடு அவர் முன்பக்கம், ஹெட்லைட் மேல் வருகிறார். சீட்டு இருக்கும் இடத்தில் செயலாளர்.