தும்மலியல்: வகைப்படலம்

மாணாக்க, உடற்காவல் மூவகைத்து. தோல் மதில், மூக்கும் தொண்டையும் வாயில், குருதியில் உலவும் வெள்ளணுக்கள் உட்படை. யாம் ஈண்டு எடுத்துக்கொண்டது வாயிற்காவல்; அதனுள்ளும் தும்மல் ஒன்றே. இருமல் நெஞ்சகத்தின் வினையாதலின் அடுத்த படலத்திற்கு உரியது. விக்கலைத் தும்மலோடு உறவுபடுத்துவார் உளர். விக்கல் எதனையும் காப்பதன்று. ஆதலின் அவர் கூற்று ஏலாது.

திணை. நுழையும் பகையை வாயிலில் நின்று எறிதலின், தும்மல் நொச்சித்திணை என்பது எம் கோள். வள்ளுவர் அதனைக் காமத்துப்பாலில் வைத்தாரே எனின், அஃது ஊடற்றும்மல். அங்கே வளி வெளியேற, ஐயம் உட்புகும். காவலுக்குரிய தும்மலில் அவ்வாறு எதுவும் உட்புகாது.

பிறப்பு. மூக்கின் உட்சுவரில் சளி படர்ந்திருக்கும். அதன் அடியில் நுண்மயிர்கள் நொடிக்குப் பத்து முறைக்கு மேல் அசைந்து, அதனை மணித்துளிக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் அளவில் தொண்டைப்புறம் தள்ளும். ஒட்டிய நுண்ணுயிர் விழுங்கப்பட்டு இரைப்பைக் காடியில் மாளும். இந்நடை போதாதவிடத்து, முக்கிளை நரம்பு முகுளத்திற்குச் செய்தி விடுக்க, தும்மல் பிறக்கும். சளியை இகழற்க. அலெக்சாண்டர் பிளெமிங் என்பார் தடுமன் பிடித்த தம் மூக்கின் சளியை ஆய்ந்து, அது நுண்ணுயிரைக் கரைப்பது கண்டு 1922இல் வெளியிட்டார். அப்பொருளை மேலையோர் இலைசோசைம் என்பர். நுண்ணுயிரின் சுவரை உருக்குதலின், யாம் மதில்கரைப்பி என்போம்.

எழுத்து. உள்வாங்கும் மூச்சு 'ஆஅஅ' என அளபெடுக்கும். இடையே 'ச்' என வல்லொற்று நிற்கும். ஈற்றில் 'சு' வெடிக்கும். எனவே தும்மல் வன்றொடர்க் குற்றியலுகரம். கிரந்த எழுத்தால் தும்முவாரும் நகர்ப்புறத்து உளர். அவரை இந்நூல் தழுவாது.

இனி, தூண்டலால் தும்மல் நான்காகும்.

1. பொடித்தும்மல். இது வறற்றும்மல், பரண்தும்மல், வேட்டற்றும்மல் என மூன்றாய் விரியும். அடுத்த வீட்டார் மிளகாய் வறுக்க இவ்வீட்டார் தும்முவது வறல். பழைய ஏட்டுக்கட்டைத் தட்டியவழித் தோன்றுவது பரண். மூக்குப்பொடி போட்டுத் தும்முவது வேட்டல். அது பகையைத் தானே அழைத்துக் காவலனுக்குப் பயிற்சி கொடுப்பது.

2. தடுமற்றும்மல். எல்லாரும் அறிந்தது.

3. மயக்கத்தும்மல். மகரந்தம், பூனைமயிர் போன்ற தீங்கிலாப் பொருளைப் பகையென மயங்கி எறிவது. பெரும்பாலும் விடியலில், அடுக்கடுக்காய் வரும்.

4. ஒளித்தும்மல். நிழலினின்று வெயிலுக்கு வந்தவுடன் எழுவது. நால்வருள் ஒருவர் அளவில் இதற்கு ஆட்படுவர், குடிவழியாகவும் தொடரும். இங்கிலாந்து அறிஞர் பேக்கன் 17ஆம் நூற்றாண்டிலேயே, கண்ணை மூடிக்கொண்டு கதிரவனை நோக்கினால் இது வாராமை கண்டார். இங்கே எறிதற்குரிய பகை யாதும் இன்று. எனினும் காவலன் வேல் எறிகிறான். அதனை யாம் வழு என்னோம், வழுவமைதி என்போம்.

நிகழ்முறையால் வகுப்பின் பலவாம். இடித்தும்மல் தெருமுனை வரை கேட்பது. குடும்பத்தலைவர்க்கே பெரும்பாலும் உரியது. கரவுத்தும்மல் அவையில் மூக்கைப் பிடித்து அடக்கப்படுவது. மாணாக்க, இதனைப் பயிலற்க. மூக்கையும் வாயையும் பொத்தித் தும்மலை அடக்கிய ஒருவரது தொண்டை உள்ளே கிழிந்த செய்தி 2018இல் இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்துளது.

இவற்றுள் நுண்ணியது கருச்சிதைதும்மல். கண் பாதி மூடும், மேலுதடு உயரும், வாய் திறக்கும், வலக்கை எழுந்து, எதிரே பேசுவாரைச் சற்றே பொறுக்குமாறு அமர்த்தும். அவரும் பேச்சை நிறுத்திக் காத்திருப்பார். பின்னர் ஒன்றும் நிகழாது. தும்ம இருந்தவர் முகத்தில் அப்போது தோன்றும் ஏமாற்றத்திற்குத் தமிழில் தனிப்பெயர் இன்மை பெருங்குறை. வள்ளுவர் 1203ஆம் குறளில் கையாண்டது இவ்வகையே. ஒளித்தும்மற் குடியினர், இது சிதையுமுன் விளக்கை அண்ணாந்து நோக்கி ஈடேற்றிக்கொள்வர்.

எண். ஒற்றைத் தும்மல் புறப்படுவார்க்குத் தடை என்றும் இரட்டை நன்று என்றும் புள் பார்ப்பார் கூறுவர். குழந்தை தும்மியவழித் தாய் 'நூறு' என்பாள். மீண்டும் தும்மின் 'இருநூறு' என்பாள். இத்தொகை எத்துணை வரை ஏறும் என்பதற்கு நூற்பா இல்லை.

வாய்பாடு. தும்மலின் முகில் 7, 8 மீட்டர் வரை செல்லவல்லது. ஆதலின் கைக்குட்டையிலோ முழங்கை மடிப்பிலோ தும்முக. உள்ளங்கையில் தும்மி, அக்கையாலேயே பேருந்துக் கம்பியைப் பற்றுதல் வழு. அது பகையை விரட்டுவதன்று. அண்டை நாட்டிற்கு அனுப்புவது.

புறனடை. ஆழ்ந்து உறங்குவார்க்குத் தும்மல் அடங்கியிருக்கும். தூண்டல் மிகின் விழித்தே தும்முவர். உறக்கத்தில் தும்மினேன் என்பான் சான்றினைக் கொள்ளற்க.